கயாவில் விட்டவை

சுரக்குடி,
12-3-1978

அன்புள்ள தம்பி பாலகுருவுக்கு, அக்கா லோகாம்பாள் எழுதுவது.

இங்கே மாமா நலம், அத்தை நலம், உன் அத்தான் நலம், சுந்தரி நலம், நானும் நலம். புதுச்சேரிச் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா, புது வேலையில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று விவரமாக எழுது.

மாமாவும் அத்தையும் காசி, கயா எல்லாம் முடித்துப் போன வாரம் வந்து சேர்ந்தார்கள். மேளம் வைத்து அழைத்து வந்தோம். கங்கைச் சொம்புக்குப் பூசை போட்டு, தெருவே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. உனக்கு ஒரு சொம்பும் கறுப்புக் கயிறும் எடுத்து வைத்திருக்கிறேன்.

கயாவுக்குப் போனால் முன்னோர் பேரைச் சொல்லி ஓர் இலை, ஒரு காய், ஒரு பழம் என்று மூன்றை ஆயுசுக்கும் விட்டுவிட்டு வரவேண்டும் அல்லவா? பிடித்ததை விடுவதுதான் அதில் விசேஷம். மாமாவுக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர், மாம்பழம் என்றால் அதைவிட உயிர். "இனிமே நம்ம வீட்ல மாம்பழம் நறுக்க முடியாதே" என்று ரயில் ஏறும்போதே அத்தை கண் கலங்கினார். கடைசியில் மாமா விட்டது என்ன தெரியுமா? கீரை, பறங்கிக்காய், பப்பாளி. நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இந்த மூன்றும் அவர் இலையில் விழுந்து நான் பார்த்ததில்லை. "பொறந்ததுலேருந்து தொடாததா பாத்து பித்ருக்களுக்குக் குடுத்துட்டு வந்துருக்காரு" என்று அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சிரிப்போடு போயிருந்தால் நன்றாக இருக்கும். முன்னோருக்குக் கொடுத்தது இனி யார் வாயிலும் படக்கூடாது, வாசல்படியே ஏறக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். மீன், முட்டையும் நிறுத்தம். கொல்லை முருங்கையை வெட்டிப் போட்டாயிற்று. நவம்பர்ப் புயலில் தென்னையெல்லாம் சாய்ந்தபோது கூட நின்ற மரம் தம்பி அது. சுந்தரிக்கு முருங்கைக்கீரை பிசைந்தால்தான் சோறு இறங்கும். பால் ஊற்றலாம் என்றால் மாடும் வற்றிவிட்டது. ஆனாலும் அத்தை நல்லவர். பின்கட்டில் ஒரு சின்னச் சட்டியை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு மட்டும் வேகவைத்து ஊட்டிக்கொள் என்று கண்ணைக் காட்டியிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் அலையாதே.

அன்புடன்,
லோகாம்பாள்


புதுச்சேரி,
27-3-1978

அன்பு அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வயிறும் நன்றாக இருக்கிறது. மெஸ்காரர் காரம் போட மறந்துவிடுவதால் அதற்கு வேலையே இல்லை. அங்கே எல்லாரும் சௌக்கியமாக இருப்பீர்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் தனியாக உருண்டு சிரித்தேன். உன் மாமனார் சின்னப்பிள்ளை மாமா பெரிய ஆள். மேலே அவருடைய தாத்தா இலை போட்டு உட்கார்ந்து, "அடேய், மாம்பழம் எங்கடா?" என்று கேட்டிருப்பார். நான் கயாவுக்குப் போனால் வேப்பிலை, பாகற்காய், எட்டிப்பழம் மூன்றையும் விட்டுவிட்டு வருவதாக முடிவு செய்திருக்கிறேன். அத்தை சிரித்த சிரிப்பு எனக்கு இங்கேயே கேட்டது. பின்கட்டுச் சட்டி வாழ்க!

வேலையைப் பற்றிக் கேட்டாயே. ஐந்து வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்ன சாப்பிடுகின்றன, அதில் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் எல்லாம் எவ்வளவு போகிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வு. "நேத்து புள்ளைக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டால் போதும், தாய்மார்கள் முதலில் மாமியாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள், பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள். சட்டம் போட்டுத்தான் இந்த நாட்டு மருமகள்களைப் பேச வைக்கவேண்டும்.

சுந்தரிக்கு முத்தம். எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
பாலகுரு


சுரக்குடி,
16-4-1978

தம்பி பாலகுருவுக்கு ஆசீர்வாதம்.

இவ்விடம் அனைவரும் நலம். உன் நலத்துக்கு எழுது.

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல் உன் அத்தான் அதைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தார். முதல் நாலு வரிக்குப் பிறகு நிறுத்தப் பார்த்தார். "படிடா தங்கையா, முழுக்கப் படி" என்று மாமா சொல்லிவிட்டதால் நிறுத்த முடியவில்லை.

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது மரியாதையாக எழுதவேண்டும். அத்தை அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. பின்கட்டுச் சட்டியை மாமா தன் கையாலேயே எடுத்துப்போய்க் கிணற்றடியில் போட்டு உடைத்தார். அது சரிதான். முன்னோர் காரியத்தில் விளையாட்டு கூடாது.

சுந்தரி ரசஞ்சாதமும் மோர்ச்சாதமும் சாப்பிடுகிறாள். இந்தக் கடிதத்தை மாமா பார்த்து, சரி என்ற பிறகு ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
லோகாம்பாள்


புதுச்சேரி,
5-5-1978

அன்புள்ள அக்காவுக்கும், மதிப்பிற்குரிய மாமா, அத்தை, அத்தான் அனைவருக்கும் வணக்கம்.

நான் நலம். அங்கே எல்லாரும் மனக்குறை இல்லாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

விளையாட்டுப் புத்தியில் எழுதிவிட்டேன். மாமா பொறுத்துக்கொள்ள வேண்டும். கயாவரை போய்த் தலைமுறைக் கடனைத் தீர்த்துவிட்டு வந்தவரைக் கிண்டல் செய்ய எனக்கு என்ன யோக்கியதை? அடுத்த முறை வரும்போது காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

சுந்தரிக்கு ஒரு சின்னப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். மீனெண்ணெய் உருண்டைகள். எங்கள் ஆபீசில் எல்லாரும் தங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிப் போகிறார்கள். தினம் ஒன்றை ஊசியால் குத்தி நாக்கில் விட்டால் போதும். இது வெறும் மருந்துதான்.

கொஞ்சம் அலைச்சல் அதிகம். மற்றபடி குறை ஒன்றுமில்லை.

பணிவுடன்,
பாலகுரு


சுரக்குடி,
20-7-1978

தம்பி பாலகுருவுக்கு ஆசீர்வாதம்.

இவ்விடம் மாமா, அத்தை, உன் அத்தான், சுந்தரி எல்லாரும் நலம். மாமா பக்கத்தில்தான் இருக்கிறார். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். ஆகவே உன்மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது என்று தெரிந்துகொள்.

பார்சல் வந்தது. இனி அதுபோல் அனுப்பவேண்டாம். நம் வீடு இப்போது சைவம்.

மாம்பழ நாள் முடிந்துவிட்டது. இந்த வருஷம் காய்ப்பு மோசம். வந்த கொஞ்சத்தில் சுந்தரிக்கும் கொட்டை கிடைத்தது.

சுந்தரியைப் பற்றிச் சொல்கிறேன். ஆவணி வந்தால் மூன்று வயசு. முன்னெல்லாம் பொழுது சாய்ந்தால் அவளைத் துரத்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இப்போது நல்ல சமர்த்து. விளக்கு வைத்ததும் சுவரோரம் ஓர் இடத்தில் உட்கார்ந்தாளானால் சோறு போடும்வரை அசைவதில்லை. "எல்லாம் காசி போய்ட்டு வந்த புண்ணியம், வெளக்கு வெச்சா புள்ள மகாலட்சுமி மாதிரி குந்திருக்கு பாரு" என்று மாமாவுக்கு ஒரே பெருமை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறார். ஒரு விளையாட்டு மட்டும் பழகிவிட்டாள். எதிரே விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே "வெளக்கு ஏத்தும்மா, வெளக்கு ஏத்தும்மா" என்பாள். நேற்று தண்ணீர்ச் செம்பைக் காலால் தட்டிக் கொட்டிவிட்டாள். முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு எனக்கே மனசு கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
லோகாம்பாள்


புதுச்சேரி,
9-8-1978

அன்பு அக்காவுக்கும் வீட்டில் எல்லாருக்கும் வணக்கம்.

நான் சுகம். மாமா என்னை விசாரித்தது கேட்டு ரொம்பச் சந்தோஷம்.

எங்கள் சுந்தரியின் சமர்த்தைப் படித்து மெஸ்ஸில் எல்லாரிடமும் சொன்னேன். மாமன் மாதிரி வாயாடியாக வராமல் தாத்தா மாதிரி நிதானமாக வருகிறாள். அடிக்காதே பாவம். செம்பு என்ன, சுந்தரி கொட்டினால் காவேரியே வரும்.

எனக்கு வேலையில் நல்ல பேர். நான்தான் மற்றவர்களுக்குக் கேள்வி கேட்கவே சொல்லிக்கொடுக்கிறேன். கேள்விகளில் ஒன்று இது: பொழுது சாய்ந்த பிறகு பிள்ளை தட்டுத் தடுமாறுகிறதா, நடக்கப் பயந்து ஒரே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறதா? ஆமாம் என்றால் மாலைக்கண் வந்துவிட்டது என்று அர்த்தம். கீரை, மஞ்சள் பழம், பால், முட்டை எதுவும் போகாத உடம்பில் வைட்டமின் ஏ தீர்ந்துபோகும். அப்படியே விட்டுவிட்டால் கண்ணே போய்விடும். உடனே பார்த்து ஒரு கரண்டி மருந்து கொடுத்தால் சில நாளில் பிள்ளை பழையபடி ஓடும். அவ்வளவு சுலபம். போன வாரம் பாகூர்ப் பக்கம் ஒரு குடிசையில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தோம். "புள்ள சாதுன்னுல்ல சாமி நெனச்சேன்" என்கிறாள் அந்தத் தாய். வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டோம். பெற்றவளுக்கு இது கூடவா தெரியாமல் போகும்? கூலி வேலை, அறியாமை, என்ன செய்வது. நம்மைப் போல் நிலம் நீச்சு உள்ள வீடுகளில் இந்தக் கவலை இல்லை.

அடுத்த வாரம் ஆய்வுக்காக யானம் போகிறேன். நம் புதுச்சேரி மாநிலம்தான் என்றாலும் ஆந்திராவுக்குள் எங்கேயோ கிடக்கிறது. அங்கே தங்கும் இடம் நிலையில்லை. கடிதத்தைப் புதுச்சேரி அறைக்கே போடு. சீக்கிரம் திரும்பிவிடுவேன்.

உன் தம்பி,
பாலகுரு


சுரக்குடி,
4-9-1978

என் தம்பி குருவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை யாரும் பார்க்கவில்லை. நடவுக்கு வரும் அஞ்சுகத்திடம் கொடுத்து, திருநள்ளாறு போஸ்டாபீசில் போடச் சொல்கிறேன். பதிலை அவள் பெயருக்கு எழுது. இந்த வீட்டுக்கு எழுதாதே.

உன் கடிதத்தையும் உன் அத்தான் உரக்கத்தான் படித்தார். ஒரே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறதா என்று அவர் படித்தபோது விளக்கு வைத்த நேரம். சுந்தரி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் கேட்டார்கள். மாமா, "பாவம், அன்னாடங்காச்சிங்க, அதுங்களுக்கு யாரு சொல்லித் தர்றது" என்று வெற்றிலை மடித்தார். நான் மட்டும் சுவரோரம் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் அந்த நேரத்தில் அவளுக்குப் பிடித்த மரப்பாச்சியை எதிரே பிடித்தேன். வளையல் சத்தம் கேட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா, எங்க" என்று காற்றைத் துழாவினாள். மரப்பாச்சி அவள் மூக்குக்கு முன்னால் இருந்தது. தம்பி, அவள் விளையாடவில்லை. விளக்கு ஏற்றச் சொன்னது நிஜமாகவே சொன்னது. நான் அந்தப் பிள்ளையை அடித்தேன்.

உன் அத்தானிடம் சொன்னேன். "அப்பாகிட்ட நீயே சொல்லு" என்றுவிட்டு வயலுக்குப் போனார். நானே மாமாவிடம் சொன்னேன். "மறைச்சு மறைச்சு கீரைய ஊட்டுனியே, அதுக்கு வந்த வெனை இது. விட்டதைத் தொட்டா பித்ருங்க சும்மா இருப்பாங்களா?" என்றார். நீ அனுப்பிய மீனெண்ணெய் உருண்டையை வந்த அன்றே எருக்குழியில் புதைத்துவிட்டார்கள். நேற்று யாரும் இல்லாதபோது போய்த் தோண்டினேன். எல்லாம் ஒன்றாக இளகி எருவோடு எருவாகக் கிடந்தது.

நீ கூலிக்காரர்களைப் பற்றி எழுதியிருந்தாய். அஞ்சுகத்தின் மகள் நிலா இல்லாத ராத்திரியில் வரப்பில் நண்டு பிடிக்கிறாள். அவர்கள் வீட்டு வேலியில் முருங்கையும் பப்பாளியும் நிற்கின்றன. அங்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஊட்டலாம் என்றால் அந்தத் தெருவில் என்னைக் கால் வைக்கவே விடமாட்டார்கள். அஞ்சுகம் முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்த ஒரு துண்டுப் பழத்தையும் அத்தை பார்த்துப் பிடுங்கிவிட்டார்.

அந்த ஒரு கரண்டி மருந்தை எடுத்துக்கொண்டு நீ உடனே வா. நீ ஆபீஸ் ஆள். நீ சொன்னால் மாமா கேட்பார். நான் சொன்னால் எடுபடாது.

உன் அக்கா,
லோகாம்பாள்


யானம்,
18-10-1978

அன்பு அக்காவுக்கும் மாமா, அத்தை, அத்தானுக்கும் வணக்கம்.

அனைவரும் நலமாக இருப்பீர்கள். நான் நலம். சீக்கிரம் திரும்புவேன் என்று எழுதினேன்; மழை பிடித்துக்கொண்டதில் இங்கேயே கிடக்கிறேன். தீபாவளிக்கு வர முடியாது.

கோதாவரியைப் பார்க்கவேண்டும் அக்கா, கடல் மாதிரி ஓடுகிறது. எனக்குத் தெலுங்கு நாலு வார்த்தை வந்துவிட்டது. அந்த நாலும் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றித்தான். மேலதிகாரிக்கு என் வேலை ரொம்பத் திருப்தி. திரும்பியதும் எனக்கு ஒரு படி உயர்வு கிடைக்கும் போலிருக்கிறது.

சுந்தரிக்கு மத்தாப்பு வாங்கி வைத்திருக்கிறேன். பச்சை, சிவப்பு, வெள்ளை என்று மாறி மாறி எரியும். அவள் கண்ணை அகல விரித்துப் பார்ப்பதை நான் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். நான் வரும்வரை வேறு யாரும் அவளுக்கு மத்தாப்பு காட்டக்கூடாது.

உன் தம்பி,
பாலகுரு


சுரக்குடி,
26-10-1978

தம்பிக்கு,

யானத்திலிருந்து நீ போட்டது இன்று வந்தது. நான் எழுதிய எதையும் நீ பார்க்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. இத்தனை நாளும் அஞ்சுகம் தபால்காரரை வழிமறித்து வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கே அவளைப் பார்த்தால் பாவமாகிவிட்டது. உன்மேல் கோபமாக இருந்தேன். எந்தக் கோபத்தை யார்மேல் வைப்பது என்று இப்போது தெரியவில்லை.

சுந்தரிக்கு மணல்வாரி அம்மை போட்டிருக்கிறது. ஊரில் பல பிள்ளைகளுக்குப் போட்டு இறங்கிவிட்டது. இவளுக்கு உடம்பில் இறங்கிக் கண்ணில் நின்றுவிட்டது. கருவிழி ஓரம் முதலில் சோப்பு நுரை ஒட்டினது போல் இருந்தது. இப்போது வலது கண் முழுக்கப் பால் கட்டின மாதிரி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அலறுகிறாள். வேப்பிலையைப் பரப்பி இருட்டறையில் போட்டிருக்கிறார்கள். ஆத்தா வந்திருக்கும் வீட்டில் ஆஸ்பத்திரி மருந்து நுழையக்கூடாது, தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வெளியே எடுக்கக்கூடாது என்கிறார்கள்.

நான் கேட்கப்போவதில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். அஞ்சுகம் கூட வருகிறாள். திரும்பி வந்தால் வீட்டில் சேர்ப்பார்களோ என்னவோ. சேர்க்காவிட்டால் போகட்டும்.

நீ இதையும் படிக்கமாட்டாய். இருந்தாலும் யாரிடமாவது சொல்லவேண்டும்.

லோகாம்பாள்


புதுச்சேரி,
14-11-1978

அஞ்சுகம் பார்வைக்கு. லோகாம்பாளிடம் உடனே சேர்க்கவும்.

அக்கா,

இப்போதுதான் யானத்திலிருந்து வந்து கதவைத் திறந்தேன். உன் இரண்டு கடிதங்களும் கதவுக்கு உள்ளே தரையில் கிடந்தன. மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே கிடந்ததைத்தான் முதலில் படித்தேன்.

சுந்தரி எப்படி இருக்கிறாள்? ஆஸ்பத்திரியில் சேர்த்தாயா? கண்ணைக் கசக்க விடாதே. வேப்பிலைத் தண்ணீர், முலைப்பால் எதுவும் கண்ணில் விடாதே. வைட்டமின் ஏ மருந்து கொடுத்தார்களா என்று டாக்டரிடம் கேள். கேட்கக் கூச்சப்படாதே. நான் ஆபீசில் மருந்து வாங்கிக்கொண்டு நாளைப் பஸ்ஸில் புறப்படுகிறேன்.

நான் வந்து மாமாவிடம் பேசுகிறேன். அவர் முகத்துக்கு நேராகப் பேசுகிறேன். எது செய்தது, யார் செய்தது என்று அந்தக் கூடத்தில் நின்று சொல்கிறேன். நீ தைரியமாக இரு.

பாலகுரு


சுரக்குடி,
11-2-1979

பாலகுருவுக்கு,

நீ வந்து போன பிறகு போட்ட மூன்று கடிதங்களும் கிடைத்தன. சுந்தரி உடம்பு எப்படி இருக்கிறது என்று மூன்றிலும் கேட்டிருக்கிறாய். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணில் பகலில் ஆள் வருவது நிழலாகத் தெரிகிறது. இதற்கு மேல் எதிர்பார்க்காதே என்று காரைக்கால் டாக்டரம்மா சொல்லிவிட்டார். "அம்மை வர்றதுக்கு முன்னாடி ஒரு கரண்டி உள்ள போயிருந்தா..." என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷி.

நீ வந்த அன்று நான் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாய். மாமா உனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். நீ வாங்கிக் குடித்தாய். "ஆத்தா எறங்காத வீட்லேருந்து புள்ளைய வெளிய தூக்கிட்டுப் போனா, கண்ணு போச்சு. விதி, யார நொந்துக்கிறது" என்றார். இப்போது சொல்லப்போகிறான், என் தம்பி வாயைத் திறக்கப்போகிறான் என்று நின்றேன். நீ தலையை ஆட்டினாய் குரு. "ஆமாங்க மாமா" என்றாய். கடிதத்தில் அத்தனை கிண்டல் எழுதத் தெரிந்த கை, அந்தக் காப்பி டம்ளரைக் கீழே வைக்கக்கூட மாமாவின் முகத்தைப் பார்த்தது. போகும்போது மத்தாப்புப் பெட்டியைப் பையிலிருந்து எடுக்காமலே போனாய். அது மட்டும் எனக்குப் புரிந்தது.

உன்னை ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். யானம் வரைக்கும் போய், பாஷை தெரியாத ஊரில் எல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டாயே, என்னிடம் ஏன் கேட்கவில்லை? விளக்கு வைத்தால் அசைவதில்லை என்று நான் எழுதினேன். நீ சமர்த்து என்று எழுதினாய். நானும்தான் சமர்த்து என்றேன். ஆனால் எனக்கு அந்தக் கேள்வி தெரியாது. உனக்குத் தெரியும்.

ஒரு சமாச்சாரம். தை மாசம் மாமாவுக்கு மூலம் கண்டு உட்கார முடியாமல் போய்விட்டது. தினமும் கீரை சாப்பிட்டால்தான் தீரும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னார். மாமா புரோகிதரை வரவழைத்தார். "அதுக்கென்ன, ஒரு கட்டு அகத்திக்கீரைய பசுவுக்குக் குடுத்து, பித்ருங்க பேரச் சொல்லி தண்ணிய விட்டுட்டா சரியாப் போச்சு" என்றார் அவர். அடுப்பில் உலை கொதிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. நம் மாடுதான் தின்றது. அன்றைக்கே அத்தை முளைக்கீரை மசித்தார். மாமா இரண்டாம் தரம் கேட்டுப் போட்டுக்கொண்டார். "புள்ளைக்கும் போடு, கண்ணுக்கு நல்லதாமே" என்றார்.

போட்டேன். கரண்டியை அவர் மூஞ்சியில் எறியவில்லை. நானும் இந்த வீட்டில்தான் சாப்பிடுகிறேன். சுந்தரி கையை இலையில் தடவித் தடவி எல்லாவற்றையும் சாப்பிட்டாள். அவளுக்கு அந்த ருசி மறக்கவில்லை.

வெட்டிய இடத்திலேயே மாமா ஒரு முருங்கைப் போத்து ஊன்றியிருக்கிறார். அஞ்சுகத்தின் வேலியிலிருந்து ஒடித்துவரச் சொன்னார். அவளை வாசலோடு நிறுத்தி வாங்கிக்கொண்டார். அதில் இப்போது துளிர் விட்டிருக்கிறது. விளக்கு வைத்ததும் சுந்தரி இன்னமும் சுவரோரம்தான் உட்கார்ந்துகொள்கிறாள். யாரும் அவளைச் சமர்த்து என்று சொல்வதில்லை.

உனக்கு உயர்வு கிடைத்ததாக எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. நீ பதில் எழுதினால் வழக்கம்போல் கூடத்தில்தான் படிப்பார்கள். அதற்குத் தகுந்தபடி எழுது.

இங்கே மாமா நலம், அத்தை நலம், உன் அத்தான் நலம்.

லோகாம்பாள்